ஆடுதுறை பூத்தில் ஓடிய மெயின்பிரேம்

இருபத்தெட்டு வருடம் மெயின்பிரேம் கன்சோலுக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் நான். அதில் முதல் பதினாறு வருடம் அந்த இயந்திரத்தை ஒருமுறைகூட நான் துவக்கியதில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் நான் சொல்ல வந்தது உங்களுக்கு விளங்கும்.

எங்கள் தொழிலில் ஐ.பி.எல். என்றால் கிரிக்கெட் இல்லை. நின்றுபோன மெயின்பிரேமை மறுபடி எழுப்புவதற்குப் பெயர் அது. கம்பெனிகளின் கணக்கையெல்லாம் ஓட்டும் அந்தப் பெரிய கம்ப்யூட்டர் நிற்பதே அபூர்வம். என் பதினாறு வருடத்தில் இரண்டே முறை நின்றது. இரண்டு முறையும் மேலே இருந்த சிஸ்டம் ஆட்கள் ஓடிவந்து, ஆபரேட்டர்களான எங்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவர்களே எழுப்பிக்கொண்டார்கள். விழுந்த இயந்திரத்தை எழுப்புவது எனக்குப் புத்தகத்தில் தெரியும். கையால் தெரியாது. அது பெரிய குறை என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வெளியே என் பெயர் "சீனியர் ஆபரேட்டர் டேனியல்". அந்தப் பெயருக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரமே லேப்டாப்பில் ஒரு குட்டி மெயின்பிரேம் கொடுத்துவிடுகிறார்கள். "பழைய சாமான் சார் இது" என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். அந்தச் சாமானை நான் முதன்முதலில் எங்கே பார்த்தேன், யாரிடம் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

இரண்டாயிரமாவது ஆண்டுப் பிரச்சினைக்காக அள்ளிக்கொண்டு போன ஆட்களையெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் சென்னை நிறுவனத்துக்கு மட்டும் புதிதாக ஒரு வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டில் மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பும் ஒரு கம்பெனியின் மெயின்பிரேமை, இங்கே சென்னையில் உட்கார்ந்து லைன் வழியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஷிப்டுக்கு ஆள் எடுக்கக் கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ் ஹாலைப் பிடித்து இன்டர்வியூ வைத்தோம். என் சொந்த ஊர் திருப்பனந்தாள் பக்கம் என்பதால் என்னையும் மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் எங்கள் மேனேஜர்.

பதினோராவதாக வந்தவர் பெயர் ரஹ்மத்துன்னிசா. இருபத்தாறு வயது இருக்கும். கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். கணவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடத்தில், "இரண்டு வருடம், சொந்த மெயின்பிரேம்" என்று எழுதியிருந்தார்.

மேனேஜர் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். "வீட்டுல எந்த ரூம்லம்மா வச்சிருக்கீங்க? ஏ.சி.க்கே தனியா டிரான்ஸ்பார்மர் வேணுமே?"

"வீட்டுல இல்ல சார். ஆடுதுறையில எங்க அத்தாவோட டெலிபோன் பூத்துல இருக்கு" என்றார் அவர். சிரிப்பு அவரைத் தொட்டதாகவே தெரியவில்லை. "சாதாரண பி.சி.தான். மெயின்பிரேம் மாதிரியே நடந்துக்கிற ஒரு சாப்ட்வேர் இருக்கு சார். வெளிநாட்டுல ஆர்வத்துக்காக எழுதி இலவசமா கொடுக்கிறாங்க. அதுக்கு மேல மெயின்பிரேமோட பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு ஓட்டுறேன்."

"பழசா? புதுசு கிடைக்கலியா?"

"திருட்டுக் காப்பி தரேன்னு ஒருத்தர் சொன்னாரு சார். வேணாம்னுட்டேன். எழுபதுகள்ல வந்தது எல்லாரும் பயன்படுத்தலாம்னு விட்டது. கத்துக்க அது போதும்."

மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நான் அந்த வழியாகத்தான் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "வந்து பார்க்கலாமா?" என்றேன். "வாங்க சார். அசர் தொழுகைக்கு அப்புறம் வந்தீங்கன்னா கூட்டம் இருக்காது" என்றார்.

மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறி ஆடுதுறையில் இறங்கி, கடைத்தெருவில் விசாரித்தால் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டார்கள். முன்னால் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், ஒரு ஜெராக்ஸ் மெஷின். பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை. மேசைமேல் மூடி கழற்றிய ஒரு பி.சி., சத்தம் போடும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ரஹ்மத்தின் அப்பா எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியாது சார். ஆனா அது சொல்றபடிதான் என் கடை ஓடுது" என்றார்.

அதென்ன என்று கேட்டேன். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஆள் இருக்கிறது; வீட்டுக்கு வீடு போன் இல்லை. அங்கிருந்து வரும் அழைப்புகள் இந்தப் பூத்து நம்பருக்குத்தான் வரும். யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அழைப்பு என்று ஒரு கணக்கு இருக்கிறது. முன்கூட்டியே அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியாக வேண்டும். முந்நூறு குடும்பங்களின் இந்த விவரத்தை ரஹ்மத் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு புரோகிராமில் போட்டுவைத்திருந்தார். தினம் சாயங்காலம் மறுநாள் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தெரு வாரியாகப் பட்டியல் அச்சாகி வெளியே வரும். வெள்ளிக்கிழமை அங்கெல்லாம் விடுமுறை. அன்றைய பட்டியல் நான்கு பக்கம் போகுமாம்.

கோபோலை எங்கே கற்றார்? ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்திருக்கிறார். மெயின்பிரேம் என்று போர்டு போட்டிருந்தார்கள். ஆனால் அங்கே மெயின்பிரேமைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டினார்கள். சான்றிதழை எடுத்துக்கொண்டு போன இடத்திலெல்லாம் "இயந்திரத்தைத் தொட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "தொடாம எங்க சார் விடுவாங்க? அதான் நானே ஒண்ணு கட்டிக்கலாம்னு" என்றார். கும்பகோணத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து தேடி, ஹாலந்தில் இருந்த ஓய்வுபெற்ற புரோகிராமர் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காகக் குறுந்தகட்டில் எல்லாவற்றையும் ஏற்றி, எட்டுப் பக்கம் கைப்படக் குறிப்பும் எழுதித் தபாலில் அனுப்பியிருந்தார்.

ரஹ்மத் ஏதோ தட்டினார். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. பதினாறு வருடமாக நான் தினமும் பார்த்த அதே வகைச் செய்திகள். அதே முன்னெழுத்துகள், அதே எண்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ "ஹலோ, கேக்குதா, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒரு மெயின்பிரேம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

பி.சி. அணைந்துவிட்டது. யூ.பி.எஸ். பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறதாம். "ஐயையோ, போச்சா?" என்றேன். என் வேலையிடத்தில் அப்படி ஒன்று நடந்திருந்தால் அன்றைக்குப் பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்கும்.

"போகல சார். நின்னிருக்கு, அவ்ளோதான்" என்றார் ரஹ்மத். அவருடைய அப்பா டீ வாங்கிவரச் சொன்னார்.

டீ வருவதற்குள் ரஹ்மத் ஒரு நீளமான நோட்டை எடுத்தார். கோடு போட்டுப் பிரித்திருந்தது: கரண்ட் போன நேரம், அப்போது எந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது, எழுப்பியபோது எது திரும்பி வந்தது, எது வரவில்லை, ஏன். புரட்டிப் பார்த்தேன். இருநூறுக்கு மேல் பதிவுகள். நான் பதினாறு வருடத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு முறை பார்த்ததை, இவர் இரண்டு வருடத்தில் தன் கையால் இருநூறு முறை செய்திருந்தார்.

கரண்ட் வர முக்கால் மணி ஆனது. நான் ஆவலாக நாற்காலியை முன்னால் இழுத்தேன். அவர் கீபோர்டைத் தொடவில்லை. பிரிண்டரில் தொங்கிய தாளைக் கிழித்து, கடைசிப் பத்து வரிகளை விரல் வைத்துப் படித்தார். இயந்திரம் பேசும் ஒவ்வொரு வரியும் தாளிலும் விழும்படி ஏற்பாடு செய்திருந்தார்.

"முதல்ல எதையும் தொட மாட்டேன் சார். கடைசியா என்ன சொல்லிட்டு நின்னுச்சுன்னு பார்த்துட்டுதான் மத்ததெல்லாம்."

பிறகு எழுந்து, "நீங்க எழுப்புறீங்களா சார்?" என்று நாற்காலியை என் பக்கம் திருப்பினார். நாற்பத்திரண்டு வயதில், ஆடுதுறை கடைத்தெருவில், ஒரு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து என் வாழ்வின் முதல் ஐ.பி.எல்.லைச் செய்தேன்.

பாதி வழியில் இயந்திரம் ஒரு கேள்வி கேட்டு நின்றது. உங்களுக்குத் தெரிந்ததுதான். வரிசையில் காத்திருந்த வேலைகளை அப்படியே வைத்துக்கொண்டு எழலாம். அது வார்ம் ஸ்டார்ட். அல்லது வரிசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக எழலாம். அது கோல்ட் ஸ்டார்ட். "முதலாவதைக் கொடுங்க சார்" என்றார். கொடுத்தேன். கரண்ட் போனபோது நின்ற வேலைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. நாளைய பட்டியல் பிரிண்டரில் கிறீச்சிட்டு வெளியே வந்தது.

கும்பகோணத்துக்குத் திரும்பி, இந்தப் பெண்ணை எடுத்தே ஆக வேண்டும் என்றேன். "விளையாட்டுச் சாமான் வச்சிருக்கிறதெல்லாம் அனுபவமா டேனியல்?" என்றார் மேனேஜர். என் ஷிப்டில் பயிற்சியாளராகப் போடுங்கள், என் பொறுப்பு என்றேன். ஒரு மாதத்தில் ரஹ்மத் சென்னைக்கு வந்தார். திருவல்லிக்கேணியில் கணவரின் அத்தை வீட்டில் தங்கல்.

அடுத்த ஐந்து மாதம் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை வந்தது.

அந்த மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஊரில் நடுராத்திரி, நமக்கு மதியம் பன்னிரண்டரை, டிபன் பாக்ஸ் திறக்கும் நேரம். அவர்களுடைய இயந்திர அறையில் மின்சாரக் கோளாறு. மெயின்பிரேம் அப்படியே விழுந்தது. அங்கிருந்த ஆட்கள் மின்சாரத்தைச் சரிசெய்துவிட்டு, "எழுப்புங்கள்" என்று கன்சோலை எங்களிடம் விட்டார்கள். அங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு மருந்து லாரிகள் கிளம்ப வேண்டும். எந்த லாரியில் எந்த மருத்துவமனைக்கு என்ன என்ற சீட்டுகள் அந்த இயந்திரத்திலிருந்துதான் வர வேண்டும்.

நான்தான் கன்சோலில் இருந்தேன். வார்ம் ஸ்டார்ட் கொடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி கொடுத்தேன். அதே இடத்தில் நின்றது. இதற்குள் மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார். வாடிக்கையாளரின் அதிகாரி ஸ்பீக்கர் போனில் இருந்தார். கையேட்டைப் புரட்டினோம். வார்ம் ஸ்டார்ட் முடியாவிட்டால் கோல்ட் ஸ்டார்ட் என்று போட்டிருந்தது. போனில் இருந்தவரும் அதைத்தான் சொன்னார். சிஸ்டம் எழுந்தால் போதும், விட்டுப்போன வேலைகளை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம் என்றார்.

"குடு டேனியல், குடு. எதுக்கு யோசிக்கிற?" என்றார் மேனேஜர்.

உண்மையைச் சொல்கிறேன், நான் யோசிக்கவில்லை. நெருக்கடியில் மூன்று பேர் ஒரே வழியைக் காட்டினால் அது சரியான வழி மாதிரியே தெரியும். கோல்ட் ஸ்டார்ட் என்று தட்டிவிட்டேன். எண்டர் பொத்தான்மேல் விரல் இருந்தது.

"சார், எண்டர் தட்டாதீங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த ரஹ்மத்தான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மேனேஜர் திரும்பினார். "பயிற்சிக்கு வந்தவங்க பேசுற நேரமாம்மா இது?"

"பத்து நிமிஷம் கொடுங்க சார். வரிசையில இருக்கிறதெல்லாம் மறுபடி ஓட்ட முடியுமான்னு தெரியல. சாயங்காலத்துக்கு அப்புறம் மருத்துவமனைங்க நேரா அனுப்புற அவசர ஆர்டரெல்லாம் வரிசையில மட்டும்தான் இருக்கும். வேற எங்கேயும் காப்பி கிடையாது. தொடச்சிட்டா யாரு என்ன கேட்டாங்கன்னே தெரியாமப் போயிடும்." திரையைக் காட்டி, "கடைசியா என்ன சொல்லிட்டு நின்னுச்சுன்னு யாரும் இன்னும் பார்க்கல சார்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. யாரும் பார்க்கவில்லை. இயந்திரம் நூற்றுக்கணக்கான வரிகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நான் கடைசி ஒரு வரியை மட்டும் பார்த்துப் பார்த்து மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தேன்.

விரலை எடுத்தேன். எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. அன்று அந்த விரல் ஒரு மூட்டை கனம் கனத்தது. போனைப் பார்த்து, பதினைந்து நிமிடம் வேண்டும் என்றேன். போனில் இருந்தவர் கோபப்பட்டார். மேனேஜர், "உன் பொறுப்பு, ஞாபகம் வச்சுக்க" என்று நாற்காலியை விட்டு விலகி நின்றார்.

ரஹ்மத் பதிவைப் பின்னோக்கி ஓட்டினார். நானும் அவரும் வரி வரியாகப் படித்தோம். ஆறாவது நிமிடத்தில் அவர் விரல் நின்றது. காத்திருக்கும் வேலைகள் ஐந்து டிஸ்குகளில் பரவி இருக்கும். எழும்போது இயந்திரம் ஐந்தையும் தேடியிருக்கிறது. நான்குதான் கிடைத்திருக்கிறது. ஐந்தாவது இல்லை என்று அது எங்களிடம் சொல்லியும் இருக்கிறது. இரைச்சலில் அந்த ஒரு வரியை எல்லோரும் தவறவிட்டிருந்தோம்.

"ஐந்தாவது டிஸ்கு இருக்கும் அலமாரிக்குக் கரண்ட் வருகிறதா என்று யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று போனில் கேட்டேன். போய்ப் பார்த்தார்கள். அந்த ஒரு அலமாரியின் சுவிட்சை மேலே தள்ள மறந்திருந்தார்கள்.

தள்ளினார்கள். வார்ம் ஸ்டார்ட் கொடுத்தேன். இந்த முறை நிற்கவில்லை. வரிசையில் இருந்த வேலைகள் அத்தனையும் திரும்பி வந்தன. மருத்துவமனைகளின் அவசர ஆர்டர்களும் அவற்றில் இருந்தன. லாரிகள் நேரத்துக்குக் கிளம்பும் என்று ஆயிற்று. போனில் இருந்த அதிகாரி, அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார்.

மூன்று மணிக்குத்தான் சாப்பிடப் போனோம். எப்படித் தோன்றியது என்று ரஹ்மத்திடம் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஒருதடவ தொடச்சிருக்கேன் சார். ஆரம்பத்துல. எழுந்திரிக்கவே மாட்டேங்குதேன்னு கோல்ட் ஸ்டார்ட் கொடுத்துட்டேன். ஜம்முனு எழுந்துடுச்சு. சந்தோஷமா இருந்தேன். முந்தின நாள் போன்ல வந்த நேர மாத்தத்தையெல்லாம் வரிசையில போட்டு வச்சிருந்தேன், அது போனதே தெரியல. எங்க தெருவுல பல்கீஸ் அக்கான்னு ஒருத்தங்க. வீட்டுக்காரர் ரியாத் தாண்டி ஏதோ கேம்ப்ல இருந்தாரு. பதினஞ்சு நாளைக்கு ஒருதடவதான் டவுனுக்கு வந்து பேசுவாரு. அந்த வாரம் நேரத்தை மாத்தி வேற ஒருத்தர் மூலமா சொல்லிவிட்டிருந்தாரு. பட்டியல்ல வரல. நாங்க ஆள் அனுப்பல. அவரு கூப்பிட்டாரு, ஓடிப்போய்ச் சொல்லி அவங்க வர்றதுக்குள்ள காசு தீந்து லைன் போயிடுச்சு. மூச்சு வாங்க வந்து நின்னாங்க சார். கையில பச்சக் குழந்த. அவரு குழந்தைய இன்னும் பார்க்கல. அழற சத்தமாவது கேக்கட்டும்னு தூக்கிட்டு வந்திருக்காங்க."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா பரவால்ல சார். 'விடும்மா, அடுத்த தடவ பேசிக்கிறேன்'னு திரும்பிப் போயிட்டாங்க. அதான் தாங்கல. அன்னையிலேர்ந்துதான் நோட்டு போட்டேன்."

நான் பதினாறு வருடமாக வரிசையைத் திரையில் எண்களாகப் பார்த்தவன். அவர் அதை ஆட்களாகப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

மறுநாள் அறிக்கை. மேனேஜர் தயார் செய்து வைத்திருந்தார். கோளாறைக் கண்டறிந்து, முறைப்படி செயல்பட்டு, குழு சிஸ்டத்தை மீட்டது என்று ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. பொய் என்று ஒரு வார்த்தையைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த வருடம் வெளிநாட்டுக்கு அனுப்பும் பட்டியலில் என் பெயர் இருந்தது. எனக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் பத்தாவது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய நியாயமெல்லாம் தோன்றவில்லை. பக்கத்து நாற்காலியில் அவர் நாளையும் உட்காருவார், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கீழே இரண்டு வரி சேர்த்தேன். கோல்ட் ஸ்டார்ட் கொடுக்க இருந்தவன் நான். தடுத்தவர் பயிற்சியாளர் ரஹ்மத்துன்னிசா.

பட்டியலிலிருந்து என் பெயர் போனது. என் மனைவி ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாடு போடும்போது, "அந்தப் பொண்ண ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அந்த இரண்டு வரியை வாடிக்கையாளர் படித்திருக்கிறார். எல்லா ஆபரேட்டர்களும் விழுந்த இயந்திரத்தை எழுப்பப் பழக வேண்டும், அதற்கு வழி செய்யுங்கள் என்று எழுதினார். பழக மெயின்பிரேமுக்கு எங்கே போவது என்று மேனேஜர் கையைப் பிசைந்தார். ரஹ்மத் ஊருக்குப் போன் செய்தார். இரண்டு நாளில் அவருடைய அப்பா அந்த பி.சி.யைப் போர்வையில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பூத்துப் பட்டியலை இப்போது கையால் எழுதிக்கொள்கிறாராம். விளையாட்டுச் சாமான் என்று சிரித்த மேனேஜரே அதற்கு ஒரு மேசை காலி செய்து கொடுத்தார். புதிதாக வருகிறவர்கள் அதில் வேலை ஓட்டிக்கொண்டிருக்கும்போது ரஹ்மத் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கைப் பிடுங்குவார். முதல் நாள் எல்லோரும் கத்துவார்கள். பத்தாவது நாள் நோட்டை எடுப்பார்கள். உங்கள் லேப்டாப்பில் இன்றைக்கு இருக்கும் அந்தப் பயிற்சி இப்படித்தான் வந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஷிப்ட் லீட் பதவி காலியானது. வாடிக்கையாளர் ரஹ்மத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். நான் அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும் என்று ஆனது. வலிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். முதல் நாள் அவர்தான் அதிகம் சங்கடப்பட்டார். என்னிடம் ஒரு வேலை சொல்வதற்குள் மூன்று "சார்" போட்டார். "லீட் நீங்கம்மா, 'சார்' வேணாம்" என்றேன். "அது எப்படி சார்" என்றார். அவருடைய கணவர் ஷார்ஜா வேலையை விட்டுவிட்டு வந்து சென்னையில் ஏ.சி. பழுதுபார்க்கும் கடை வைத்தார். நாட்கள் நல்லபடியாகவே போயின.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை. ஒரு வேலை நடுவில் முடங்கி, ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றது. பின்னால் முப்பது வேலைகள் காத்து நின்றன. முடங்கியதை ரத்து செய்ய வேண்டும். எண்ணைப் பார்த்துத் தட்டினேன். எண்டருக்குப் போனேன்.

"டேனியல், கையை எடுங்க!"

அறை முழுக்கக் கேட்டது. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் என் திரைக்கு வந்தார். பதிவைப் பின்னால் ஓட்டினார். ஒருமுறை, இரண்டுமுறை பார்த்தார். நான் தவறான எண்ணைத் தட்டியதாக அவருக்குத் தன் திரையில் தெரிந்திருக்கிறது. உண்மையில் அவர் ஒரு வரி தள்ளிப் படித்திருந்தார். நான் தட்டிய எண் சரி.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க. தட்டுங்க" என்றார், குரல் இறங்கி. தட்டினேன். முப்பது வேலைகளும் நகர்ந்தன. நான்கு நிமிடம் வீணாகியிருந்தது.

ஷிப்ட் முடிந்து என்னிடம் வந்தார். முகம் சுண்டியிருந்தது. "மன்னிச்சிடுங்க சார். எல்லார் முன்னாடியும் பேர் சொல்லிக் கத்திட்டேன். அதுவும் தப்பா."

"பேரைத்தானே சொன்னீங்க? எனக்கு வச்ச பேர்தானே?" என்றேன். "மறுபடி சந்தேகம் வந்தா மறுபடி கத்துங்க. யோசிச்சுக் கத்தாதீங்க. யோசிக்கிறதுக்குள்ள நான் தட்டிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. மேசைக்குப் போய் அன்றைய பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். காரணம் என்ற இடத்தில் லைன் மெதுவாக இருந்தது என்று எழுதியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். லீட் எழுதுவதை யார் சோதிக்கப் போகிறார்கள்? அவர் எழுதியது இது: "ஆபரேட்டர் தட்டியது சரியான எண். நான் தவறாகப் படித்து நிறுத்தினேன். தாமதத்துக்குப் பொறுப்பு நான்."

எழுதிவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். கீழே ஆபரேட்டர் கையெழுத்துக்கு இடம் இருந்தது. போட்டேன்.

நான்கு நிமிடம் போனது, போகட்டும். உங்களுக்கும் ஒருநாள் பக்கத்து நாற்காலியிலிருந்து அப்படி ஒரு குரல் வரும். நேற்றுச் சேர்ந்தவருடையதாக இருக்கலாம், உங்களைவிடச் சின்னவருடையதாக இருக்கலாம். அவர் சொல்வது தவறாகக்கூட இருக்கலாம். முதலில் கையை எடுத்துவிடுங்கள். சரியா தவறா என்பதை அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.